ஓடத் தெரிந்த மந்திரவாதி

வீர காவியம் எந்த மொழியில் எழுந்தாலும் அதன் தலைவனுக்கென்று சில இலக்கணங்கள் தவறாமல் அமைந்துவிடுகின்றன. அவன் அஞ்சா நெஞ்சினன், வாளேந்திய கையினன், புறமுதுகு காட்டுதலைச் சாவினும் இழிந்ததாகக் கருதுபவன். அவனுக்குத் துணையாக மந்திரவாதி ஒருவன் வருவானாயின், நரைத்த தாடியும் ஆழ்ந்த நோக்கும் உடையவனாய், பிறர் அறியாத இரகசியங்களை அறிந்தவனாய் வருவான். ஆர்தர் மன்னனைப் பற்றிய பழங்கதைகளின் மெர்லின் முதல், ரொல்கின் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருங்கதையின் கண்டால்வ் வரை, ஆங்கிலக் கற்பனை இலக்கியம் இம்மாதிரியைப் போற்றி வந்திருக்கிறது.

அத்தகைய மந்திரவாதிக்கு ஒரு மந்திரமேனும் சொல்லத் தெரியாதிருந்தால்? ஆபத்து வரும் திசையை நொடியில் கணித்து, மறு திசையில் ஓடுவதே அவனுடைய ஒரே வித்தையாக இருந்தால்? இவ்வினாவைக் கருவாகக் கொண்டு, ஆங்கில நாவலாசிரியர் ரெறி பிறற்செற் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ‘மாயத்தின் நிறம்’. வாசகரைச் சிரிக்க வைப்பதே அதன் வெளிப்படையான நோக்கம். ஆயினும், சிரித்து முடித்த பின்னர், வீரம் என்று நாம் கற்றதும் பிறருக்குக் கற்பித்ததும் எத்துணை உறுதியான அடித்தளத்தில் நிற்கின்றன என்ற ஐயம் உள்ளத்தில் எஞ்சிவிடுகிறது. அந்த ஐயத்தின் பொருட்டே இந்நூலும், இதன் தலைவன் மீண்டும் தோன்றும் பின்னைய நூல்களும் ஆராயத்தக்கனவாகின்றன.

ஆசிரியர்

பிறற்செற் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் பகுதியிற் பிறந்தவர். பல்கலைக்கழகம் செல்லாமல், 1965இல் தமது பதினேழாவது வயதில், உள்ளூர்ப் பத்திரிகையொன்றிற் பயிற்சி நிருபராகச் சேர்ந்தார். முதல் நாவல் 1971இல் வெளிவந்தது. 1980 முதல் 1987 வரை மத்திய மின்சார உற்பத்திச் சபையிற் பத்திரிகைத் தொடர்பு அலுவலராகக் கடமையாற்றினார். அணுமின் நிலையங்களைப் பற்றிப் பத்திரிகையாளர் எழுப்பும் வினாக்களுக்கு அமைதியாக விடையளிப்பது அவருடைய பகற்பொழுதுப் பணியாக இருந்தது. அக்காலத்திலேதான் ‘மாயத்தின் நிறம்’ வெளியாயிற்று.

கொலின் சிமைத் என்பாரின் சிறிய பதிப்பகம் அதனை வெளியிட்டபோது பெரிய ஆரவாரம் எதுவும் எழவில்லை. பின்னர் மலிவுப் பதிப்பும் வானொலி ஒலிபரப்பும் அதற்கு வாசகரைத் தேடித் தந்தன. அவ்வொரு நூலில் தொடங்கிய கற்பனையுலகம் 41 நாவல்களாக விரிந்தது. ஆசிரியர் மறைவதற்கு முன்னரே அவருடைய நூல்கள் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயின. 2007இல் மூளை நலிவு நோய் தமக்கு ஏற்பட்டுள்ளதென அவர் வெளிப்படையாக அறிவித்தார். 2009இல் ‘சேர்’ பட்டம் பெற்றார். எழுத்துக்களைக் கையால் அமைப்பது அரிதாகிய பின்னும், சொல்லிச் சொல்லி எழுதுவித்து நூல்களை வெளியிட்டு வந்த அவர், 2015ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி காலமானார்.

ஆமையின் முதுகில் ஓர் உலகம்

நாவல் நிகழும் களம் தட்டையான வட்ட வடிவ உலகம். தட்டுலகம் என்று நாம் அதனை அழைக்கலாம். அதனை நான்கு யானைகள் சுமக்கின்றன. அந்த யானைகளை ஒரு பேராமை சுமந்துகொண்டு விண்வெளியில் மெல்ல நீந்திச் செல்கிறது. கடல்நீர் உலகின் விளிம்பிலிருந்து ஓயாது கீழே கொட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வுருவகம் நமக்குப் புதியதன்று. மந்தர மலையைத் தாங்கிய கூர்மத்தையும், திசைகளைத் தாங்கும் எட்டு யானைகளையும் நம் புராணங்கள் அறியும். யானையும் ஆமையும் உலகைச் சுமக்கின்றன என்ற இந்தியக் கருத்து, ஐரோப்பியரின் நூல்கள் வாயிலாக மேற்கே சென்றது. தத்துவ அறிஞர் ஜோன் லொக் 1690ஆம் ஆண்டுத் தேதியிட்ட தமது மனித அறிவு பற்றிய நூலில் அதனை எடுத்தாண்டு, ஆமையைத் தாங்குவது யாது என்று கேட்டால் விடையிராது என நகையாடினார். லொக் எடுத்துக்காட்டாகக் கூறிய நகைப்பைப் பிறற்செற் மெய்யான பூகோளமாகவே மாற்றிவிட்டார். அவருடைய உலகத்து அறிஞர்கள் அந்த ஆமை ஆணா பெண்ணா என்று வாதிடுகிறார்கள். விடை காண்பதற்கென்றே விளிம்பிற்கு அப்பால் ஒரு கலத்தை இறக்கத் திட்டமிடுகிறார்கள். பொருளின் அபத்தமும் அதனை ஆராயும் முறையின் கண்ணியமும் ஒன்றோடொன்று மோதுமிடத்திற் சிரிப்பு பிறக்கிறது. கல்விக் கழகக் கூட்டங்களுக்குச் சென்று பழகியவர்களுக்கு இச்சிரிப்பின் சுவை நன்கு விளங்கும்.

இருவர்

இந்த உலகின் பெருநகராகிய ஆங்க்-மோர்போர்க்கில் காணாப் பல்கலைக்கழகம் என்றொரு மந்திரக் கல்விக்கூடம் இருக்கிறது. அதில் தேறாமல் வெளியேற்றப்பட்ட மாணவனே கதைத் தலைவன் றின்ஸ்வின்ட். மாணவப் பருவத்திற் பந்தயத்திற்காக அவன் ‘ஒக்ராவோ’ என்னும் மகாமந்திர நூலைத் திறந்து பார்த்துவிட்டான். உலகைப் படைத்த எட்டு மந்திரங்களில் ஒன்று பாய்ந்து வந்து அவன் மூளையிற் குடியேறிக்கொண்டது. அதற்கு அஞ்சி வேறெந்த மந்திரமும் அங்கே தங்க மறுக்கிறது. ஆகவே, உலகின் மிகப் பெரிய மந்திரங்களில் ஒன்றைத் தலையிற் சுமந்துகொண்டு, மெழுகுவர்த்தியைக் கொளுத்தும் மந்திரத்தைக் கூடப் பயன்படுத்தவியலாமல் அவன் திரிகிறான். பிற்கால நூல்களில் அவனுடைய தொப்பியில் ‘மந்திரவாதி’ என்ற சொல் எழுத்துப் பிழையோடு தைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அச்சொல் இல்லையேல் அவனை எவரும் மந்திரவாதியென்று மதியார்.

இத்தகையவனிடம் வந்து சேர்கிறான் ருபிளவர். அவன் பெயருக்கு ஈர்மலர் என்பது பொருள். தொலைவிலுள்ள ஒரு பேரரசில் காப்புறுதி நிலையமொன்றில் லிகிதராக இருந்து, வாழ்நாளெல்லாம் வீரரையும் பறவை நாகங்களையும் பற்றிய கதைகளைக் கனவு கண்டு, இறுதியில் அவற்றை நேரிற் காண விடுமுறை பெற்று வந்தவன். தட்டுலகம் கண்ட முதல் உல்லாசப் பிரயாணி அவனே. அவன் நாட்டிற் பொன் மலிவு. ஆகவே ஒரு நகரையே விலைக்கு வாங்கத்தக்க செல்வத்தைச் சில்லறைக் காசாக வீசுகிறான். அறிவுடைய மரமொன்றாற் செய்யப்பட்ட அவனுடைய பெட்டி, நூற்றுக்கணக்கான சிறு கால்களால் அவனைப் பின்தொடர்ந்து ஓடுகிறது. திருட வருபவரை விழுங்கிவிட்டு மூடியைச் சாத்திக்கொள்கிறது. இந்த விருந்தினனுக்குத் தீங்கு நேராமற் காத்தல் வேண்டுமென நகராதிபதி றின்ஸ்வின்டுக்குக் கட்டளையிடுகிறார். முன்பணத்தோடு ஓடிவிட முயன்று பிடிபட்டவனுக்கு வேறு வழியில்லை.

இவ்விருவரைக் காணும்போது செர்வாந்தேஸ் படைத்த தொன் கிகோத்தேயும் சாஞ்சோ பான்சாவும் நினைவுக்கு வராமற் போகார். ஆனால் ஸ்பானிய நாவலின் உலகம் சாதாரணமானது. கிகோத்தேயின் கண்களே அதில் அரக்கரைக் காண்கின்றன. இங்கோ அரக்கரும் நாகங்களும் மெய்யாகவே இருக்கின்றன. அவை தன்னை ஒன்றுஞ் செய்யமாட்டா என்று நம்புவதே ருபிளவரின் பேதைமை. குடிகாரச் சண்டையை வேடிக்கை பார்க்கிறான். கொலைகாரனைப் புகைப்படமெடுக்க விழைகிறான். பிறருடைய துன்பம் அவனுக்கு ஒரு காட்சி. அத்துன்பத்தினுள்ளேயே பிறந்து வளர்ந்த றின்ஸ்வின்டுக்கு அது காட்சியாகத் தோன்றவில்லை. ஏட்டில் வீரத்தை வாசிப்பவனுக்கும் வீரர் நடந்துபோகும் தெருவில் வாழ்பவனுக்கும் உள்ள இடைவெளியை இவ்வாறு ஒரே பயணத்தில் நடக்க விட்டது ஆசிரியரின் தனித் திறமை எனலாம்.

சிரிப்பின் உள்ளே ஓர் ஏக்கம்

நூலின் நகைச்சுவை பெரும்பாலும் எளிய வழியொன்றிற் பிறக்கிறது. நம் உலகத்து நடைமுறையொன்று அவ்வுலகில் அதன் தருக்கம் சிதையாமல் நுழைந்துவிடுகிறது. காப்புறுதி என்றால் என்னவென்று ருபிளவர் சத்திரக்காரன் ஒருவனுக்கு விளக்குகிறான். சத்திரம் எரிந்தாற் பணம் கிடைக்கும் என்ற அளவில் அவன் அதனை விளங்கிக்கொள்கிறான். விளைவு, நகரமே தீக்கிரையாகிறது. பொருளாதாரக் கருத்தொன்று நாட்டைச் சுட்ட கதையை இதனினும் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இவ்வேடிக்கைகளின் நடுவே றின்ஸ்வின்டுக்கு ஓர் ஏக்கம் உண்டு. மந்திரத்தை அவன் வெறுக்கிறான். ஒழுங்குள்ள விதிகளின்படி, காரணமும் காரியமும் தொடர்புற்று இயங்கும் உலகம் ஒன்று எங்கேனும் இருத்தல் வேண்டும். மின்னலைப் பிடித்து வேலை வாங்கும் வழியொன்றும் இருத்தல் வேண்டும் என்பது அவன் நம்பிக்கை. ருபிளவரின் புகைப்படப் பெட்டியைக் கண்டதும், ஒளியைக் கண்ணாடியிற் பதிக்கும் ஏதோ ஓர் உபாயம் அதனுள் இருக்குமென்று எதிர்பார்க்கிறான். திறந்தால், உள்ளே ஒரு குட்டிப் பூதம் தூரிகையோடு அமர்ந்து படம் வரைகிறது. அப்பொழுது அவன் அடையும் ஏமாற்றம் நகைப்பிற்கிடமானது. ஆயினும் உள்ளத்தைத் தொடுகிறது. அறியாமை நிறைந்த காலத்தில் அறிவியலை முன்னுணர்ந்து ஏங்கிய தனி மனிதனின் குரல் அது.

பிறிதோரிடத்தில் இருவரும் நொடிப்பொழுது நம்முடைய உலகிற்குள்ளேயே வந்து விழுகின்றனர். பறக்கும் ஆகாயவிமானமொன்றில் றின்ஸ்வின்ட் அணு உலை வல்லுநராக அமர்ந்திருக்கிறான்! மின்சார உற்பத்திச் சபையின் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பி எழுதியவரின் குறும்பு இது. மந்திர உலகத்தவன் விஞ்ஞானத்தை எண்ணி ஏங்க, விஞ்ஞான உலகத்தவராகிய நாம் மந்திரக் கதைகளை எண்ணி ஏங்குகிறோம்.

சாவும் தெய்வங்களும்

தட்டுலகில் சாவு ஓர் ஆள். எலும்புருவினன்; கடமையிற் கண்ணானவன். சாமாராவுக்குத் தப்பியோடியவன் அங்கேயே காலனைச் சந்தித்த பழங்கதையை ஆங்கில வாசகர் நன்கறிவர். சமர்செற் மோம் 1933இல் தமது நாடகமொன்றில் அதனை எடுத்தாண்டார். பிறற்செற் அதனைத் தலைகீழாக்குகிறார். நகரத் தெருவில் றின்ஸ்வின்டை எதிர்ப்படும் சாவு திகைத்து நிற்கிறது. வேறோர் ஊரில் அன்று தன்னைச் சந்திக்கவேண்டியவன் இங்கே என்ன செய்கிறான்? அந்த ஊருக்குப் போய்ச் சேரும்படி அவனிடம் நயந்து வேண்டுகிறது. பயந்தவன் போக மறுக்கிறான். விதியை ஏற்றுத் தலை குனிவதே மேன்மை என்று பழங்கதை உணர்த்துகிறது. மறுத்துவிட்டு நடையைக் கட்டலாம் என்று இக்கதை காட்டுகிறது. நூலின் இறுதியில், சாவு வேறிடத்துக் கொள்ளைநோயால் அலுவல் மிகுந்திருப்பதால், பதிலாள் ஒருவனை அனுப்புகிறது. மந்திரவாதி இறக்கும்போது சாவே நேரில் வரவேண்டும் என்பது விதி. அந்த ஒரே உரிமையைப் பற்றிக்கொண்டு, உலக விளிம்பில் தொங்கியபடி, பதிலாளோடு செல்ல மறுக்கிறான் நம் தலைவன்.

மேலே தெய்வங்கள் மனிதரைக் காய்களாக வைத்துச் சூதாடுகின்றன. விதி ஒரு பக்கம்; மறு பக்கம் பெயர் சொல்லி அழைக்கப்படாத ஒரு தேவி. அழைத்தால் அவள் வாராள், நம்பியிருப்பவரைக் கைவிடுவாள், தன்னைச் சிறிதும் நம்பாத றின்ஸ்வின்டைக் காப்பாற்றுவாள். நல்வாய்ப்பின் இயல்பை இவ்வளவு துல்லியமாக உருவகித்த நகைச்சுவை எழுத்து அரிது.

கோழையா, விவேகியா?

கேள்வியின் மையத்துக்கு வருவோம். றின்ஸ்வின்ட் கோழைதானா? ஆம் என்றே அவன் கூறுவான். அதில் அவனுக்கு வெட்கமில்லை. ஆங்கில இலக்கியத்தில் அவனுக்கு ஒரு முன்னோர் உண்டு. சேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்துப் பொல்ஸ்ராவ், மானம் என்பது வெட்டுண்ட காலை ஒட்டவைக்குமா என்ற வகையில் வினவி, போர்க்களத்திற் பிணம்போற் கிடந்து உயிர் தப்புகிறான். ஆனால் பொல்ஸ்ராவ் பிறரை மரணத்துக்கு இட்டுச் சென்று தான் தப்புபவன். ஏழைகளைப் படைக்குச் சேர்த்துப் பணம் பண்ணுபவன். றின்ஸ்வின்டின் அச்சம் அத்தகையதன்று. பிற நூல்களைச் சேர்த்துப் படிக்கும்போது இவ்வேறுபாடு தெளிவாகின்றது.

1986இல் வந்த இரண்டாம் நூலின் தலைப்பு மில்ரனின் தொடரொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதில், எதனையும் ஒழுங்குபடுத்திச் செயற்படும் ரைமன் என்னும் மந்திரவாதி ஏழு மகாமந்திரங்களைத் தன்வயமாக்க முயன்று, உலகிற்கே கேடு விளைவிக்கிறான். அவனைத் தடுக்க மந்திரம் தெரிந்தவர் எவராலும் இயலவில்லை. றின்ஸ்வின்ட், வெறுங் கைகளால், அச்சத்தோடேயே அவனை எதிர்த்துக் கட்டிப்புரள்கிறான். அதே நூலில் 87 வயதான பழைய மாவீரன் கோகனும் வருகிறான். முதுகுவலியும் பல்லில்லா வாயுமாய் அவன் விரும்புவன வெந்நீரும் நல்ல பல் வைத்தியமும் மென்மையான கழிப்பறைத் தாளுமே. வீர வாழ்வின் இறுதியில் எஞ்சுவது என்ன என்பதற்கு அவன் உயிருள்ள விளக்கம்.

1988இல் வந்த ‘சோர்சறி’ நூலில், அளவிறந்த மந்திரவலிமை பெற்ற சிறுவனொருவன் தந்தையின் ஆவியால் ஆட்டுவிக்கப்படுகிறான். மகாமந்திரவாதிகள் அவனுக்கு அடிபணிகின்றனர்; அல்லது தத்தம் கோபுரங்களைக் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் அழிக்கின்றனர். அவன்முன் றின்ஸ்வின்ட் போய் நிற்கிறான். அவன் கையில் இருப்பது காலுறையொன்றுக்குள் போட்ட அரைச் செங்கல். காணவே சிரிப்பு வருகிறது. பின்னர், கொடிய உயிரினங்கள் வாழும் வேற்றுலகில் இருவரும் அகப்பட்டபோது, சிறுவனை ஒளியை நோக்கி ஓடச் செய்து, தான் பின்தங்கி நின்று அவ்வுயிரினங்களைத் தன்பால் ஈர்க்கிறான். வாழ்நாளெல்லாம் ஓடிப் பழகியவன், ஒரு குழந்தை ஓடித் தப்புவதற்காக நிற்கிறான். அச்சமற்றவன் நிற்பதிற் பெரிய வியப்பில்லை. உயிரின் விலையை இவ்வளவு நன்றாக அறிந்தவன் நிற்கும்போதுதான் அந்த நிலையின் பெறுமதி நமக்குப் புலனாகிறது.

1994இல் வெளிவந்த ‘சுவாரசியமான காலம்’ இக்கருத்தை அரசியலுக்குள் கொண்டுசெல்கிறது. ருபிளவரின் நாட்டில் இளைஞர் புரட்சிக்கு ஆயத்தமாகின்றனர். அவனுடைய புதல்வியரும் அவர்களோடிருக்கின்றனர். விடுமுறைப் பயணத்தைப் பற்றி அவன் எழுதிய சிறு நூலே அவர்களுக்குப் புரட்சி வேதமாகிவிட்டது. உயிர் கொடுக்கத்தக்க இலட்சியங்கள் உண்டென்று அவர்கள் கூறுகின்றனர். றின்ஸ்வின்ட் அதனை ஏற்க மறுக்கிறான். உயிர் போனபின் மீண்டும் கிடைப்பதில்லை என்பதே அவனுடைய முழுத் தத்துவமும். அடக்குமுறைக்கு உட்பட்ட மக்களிடம் இப்படிப் பேசுவது எளிது, தப்பியோடக் கால்கள் உள்ளவனுக்கு மட்டும் உரிய தத்துவம் இது, என்று நாம் மறுக்கலாம். அம்மறுப்பில் உண்மையுண்டு. ஆனால் இளைஞரைச் சாவுக்கு அழைப்போர் பெரும்பாலும் தாம் சாவதில்லை என்பதையும், அழைக்கப்பட்டவர் திரும்பி வருவதில்லை என்பதையும் அறிந்த எந்தச் சமுதாயமும், இந்தக் கோழையின் சொல்லைக் கேளாமலே தள்ளிவிட முடியாது.

குறைகள்

இந்நூலைக் குறையற்றதென்று கூறுவது திறனாய்வாகாது. ‘மாயத்தின் நிறம்’ ஒரே கட்டுக்கோப்புடைய நாவலன்று. நான்கு குறுங்கதைகள் தளர்வாகக் கோக்கப்பட்டது. பிறிற்ஸ் லைபர், லவ்கிறாவ்ற், ஆன் மக்கவ்றி ஆகியோரின் கற்பனைக் கதைகளைப் பகடி செய்யும் பகுதிகள், மூலங்களைப் படியாதவர்க்குப் பாதிச் சுவையே தரும். பெண் பாத்திரங்கள் மெல்லிய கோடுகளாய் நிற்கின்றன. ருபிளவரின் பேரரசை வரையுமிடங்களிற் கீழைத்தேயத்தைப் பற்றிய மலிவான கேலி தலைகாட்டுகிறது. 1994ஆம் ஆண்டு நூலிலும் அது முற்றாக நீங்கவில்லை. ஆசிரியரே தம் நூல்களைப் படிக்கத் தொடங்குபவர் இதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்று கூறியதுண்டு. மொழிச் சிலேடைகளில் தங்கியுள்ள நகைச்சுவை மொழிபெயர்ப்பிற் பெரிதும் வாடிவிடும் என்பதும் உண்மை.

எனினும், விதைக்குள் மரம் இருப்பதுபோற் பின்வந்த நூல்களின் சிறப்பெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது. அபத்தமான உலகமொன்றை முழு ஒழுங்கோடு படைத்து, அதில் சாதாரண மனிதன் ஒருவனை நடக்கவிட்டு, அவன் அச்சத்தைக் கேலி செய்துகொண்டே அதற்கு மதிப்பளிக்கும் முறை இங்கேயே உருப்பெற்றுவிட்டது.

வகுப்பறையில் நாம் வீரரின் வாழ்வையே போதிக்கிறோம். போரிலிருந்து உயிரோடு வீடு திரும்பியவனைப் பாட்டுடைத் தலைவனாக்கும் வழக்கம் எந்த மொழியிலும் அருகியே காணப்படுகிறது. பிழையாக எழுதிய தொப்பியை அணிந்து, கால் தெறிக்க ஓடிவரும் றின்ஸ்வின்ட் அவ்விடத்தைச் சிறிது நேரமேனும் நிரப்புகிறான். மூத்த மாணவர் கையில் வீர காவியத்தோடு இந்நூலையும் கொடுத்து, இரண்டையும் ஒப்பிடுமாறு கேட்கும் ஆசிரியர், அவர்களிடமிருந்து நல்ல கட்டுரைகளைப் பெறுவார். அவர்களிற் சிலர் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார்கள் என்பதும் ஒரு நன்மையே.